வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எழுதிய பலகை

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், ஆவணி மாதத்துக் கடும் வறட்சியின்போது, விசுவமடுவின் உள்வீதி ஒன்றில் உள்ள சிறிய வீட்டில் நான் கண்டதையே இங்கு எழுத முனைகின்றேன். நான் முரசுமோட்டையைச் சேர்ந்த நெற்செய்கையாளன். பாடசாலையில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவன் அல்லன். கடல் கடந்து வாழும் என் பிள்ளைகள், முகம் பார்த்துப் பேசுவதற்கென்று ஒரு கணினியை வாங்கித் தந்தார்கள். அது ஒருநாள் பேச்சற்றுப் போனபோது, கேட்பதற்கு ஆளில்லாத காரணத்தால் நானே அதைத் திறந்தேன். திறந்தும் மூடியும், கிடைத்த நூல்களை எழுத்துக் கூட்டிப் படித்தும் ஓரளவு கற்றுக்கொண்டேன். அதன் பின்னர் ஊரார் என்னைக் 'கொம்பியூட்டர் ஐயா' என்று அழைக்கத் தொடங்கினார்கள். அதில் பாதி மரியாதை, பாதி பகிடி என்பதை நான் அறிவேன்.

அந்த வீட்டுக்கு என்னை வரவழைத்தவர் ஒரு கணித ஆசிரியை. நாற்பது வயதை அண்மித்தவர். போரின் கடைசி மாதங்களில் முதுகில் பாய்ந்த எறிகணைத் துண்டினால் இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வே இல்லை. மருத்துவமனைகளில் இருப்பதைப் போன்ற ஓர் இரும்புக் கட்டிலில், முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தபடி, பதினோராம் வகுப்பின் முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளுக்கு அவர் இணையவழியாகக் கணிதம் கற்பித்து வந்தார். முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளும், காட்டோரத் தோட்டங்களில் குடியிருக்கும் பிள்ளைகளும் தத்தம் வீட்டுத் தொலைபேசிகளில் அவருடைய வகுப்புக்கு வருவார்கள். அவரால் கரும்பலகையின் முன் எழுந்து நிற்க இயலாது. ஆதலால் மடியில் ஒரு சிறு பலகையை வைத்து அதற்குரிய பேனையால் எழுதுவார். அந்தப் பலகை ஒரு வயரினால் கணினியுடன் இணைக்கப்பட்டிருக்கும். அதில் எழுதுவதெல்லாம் பிள்ளைகளின் திரைகளில் அப்படியே தோன்றும்.

"வாங்கோ ஐயா, கதிரையில இருங்கோ. எழும்பி வந்து கும்பிட ஏலாது, குறை நினைக்காதேங்கோ," என்று சிரித்துக்கொண்டே வரவேற்றார்.

அவருடைய தாயார் தேநீர் கொண்டுவந்து தந்தார். சிறு வயதில், மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பெற்றோருடன் வன்னிக்கு வந்து சேர்ந்தவர் அவர். மகள் வன்னித் தமிழைப் பேச, தாயாரின் பேச்சில் மட்டும் இன்னும் மலைநாடு இருந்தது.

"நல்லாப் பாருங்க ஐயா. அந்தப் பலக செத்துப் போச்சின்னா இவளும் பேசாம படுத்துடுறா," என்றார்.

வகுப்பு தொடங்கியது. ஆசிரியை ஒரு முக்கோணியை வரையத் தொடங்கினார். முதற் கோடு வந்தது, இரண்டாவதும் வந்தது. மூன்றாவது பாதி வழியில் நின்றது. கணினி 'டிடும்' என்று தாழ்ந்த குரலில் ஓர் ஒலி எழுப்பியது. இணைக்கப்பட்டிருந்த கருவி ஒன்று கழன்றுவிட்டது என்பதற்குக் கணினி தரும் அறிவித்தல் அது. ஆனால் வயரோ செருகப்பட்ட இடத்தில் அப்படியே இருந்தது.

"ரீச்சர், கோடு நிண்டிட்டுது," என்றது ஒரு குரல்.

"ரீச்சர், ரெண்டு பக்கத்தோடயும் முக்கோணி வருமெண்டா நான் இந்த முறை பாஸ்!" என்றது இன்னொன்று.

"உன்ர கொப்பியில ஏற்கெனவே அப்பிடித்தானே கிடக்கு," என்றார் ஆசிரியை. பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனினும் பேனையைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் வெளுத்துப் போயிருந்ததை நான் கண்டேன். சற்று நேரத்தில் பலகை தானாகவே உயிர்பெற்றது. பின்னர் மீண்டும் இறந்தது. அன்றைய வகுப்பு முழுவதும் இவ்வாறே கழிந்தது.

இத்தகைய குறை, எப்போதும் இயங்காதிருக்கும் குறையிலும் பார்க்கக் கொடியது. முற்றாகப் பழுதுபட்ட பொருளிடம் கேள்வி கேட்கலாம். இடையிடையே இயங்கும் பொருளோ, நாம் கேள்வி கேட்கும் வேளையில் ஒழுங்காகவே இயங்கி நம்மை ஏமாற்றும். நான் வயரை மாற்றினேன். கணினியின் பின்புறத்திலுள்ள வேறொரு துளையில் செருகினேன். மின்சாரத்தைச் சேமிப்பதற்காகக் கணினி தானாகவே கருவிகளை உறங்க வைக்கும் வழக்கம் உண்டு, அதையும் நிறுத்தினேன். பலகையை இயக்கும் மென்பொருளை அழித்துப் புதிதாக நிறுவினேன். ஒவ்வொரு முறையும் குறை நீங்கிவிட்டது போலத் தோன்றும். மகிழ்ச்சியுடன் பேருந்தில் ஏறுவேன். வீட்டை அடைவதற்கு முன்னரே ஆசிரியையின் தொலைபேசி அழைப்பு வரும்.

"ஐயா, பலகை திரும்பவும் செத்திட்டுது. இப்ப மவுசும் சேர்ந்து சாகுது. சோடியாத்தான் போகினம்."

மவுசும் நின்றது என்பதால் பலகையில் குறையில்லை, கணினியிலேயே குறை என்று தீர்மானித்தேன். ஓர் ஓட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றி முரசுமோட்டைக்குக் கொண்டு சென்றேன். என் வீட்டு மேசையில் வைத்து நாள்தோறும் சோதித்தேன். பலகையில் வட்டங்களும் வரப்புகளும் தென்னைகளும் வரைந்தேன். ஒரு தடவையாவது அது நிற்கவில்லை. என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்ச வந்து ராசா மாதிரி எல்லே இருக்குது. எங்கட வீட்டுச் சோறு பிடிச்சுப் போச்சாக்கும்," என்றாள்.

குறை தீர்ந்ததென்று நம்பி விசுவமடுவுக்குத் திருப்பிக் கொண்டுவந்து பொருத்தினேன். அன்று பிற்பகலே 'டிடும்' என்றது. ஆசிரியை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்கு உங்கட வீடுதான் பிடிச்சிருக்கு ஐயா. என்னையும் கட்டிலோட தூக்கிக்கொண்டு போங்கோவன்."

நகைச்சுவையாகவே சொன்னார். ஆனால் அந்த வார்த்தை என் சிந்தையில் தங்கிவிட்டது. ஒரே கணினி, ஒரே பலகை, ஒரே வயர். ஒரு வீட்டில் நலமாக இருக்கின்றது, மறு வீட்டில் நோயுறுகின்றது. அப்படியானால் நோய் கணினிக்கு அன்று, வீட்டுக்கு. வீட்டின் நோயை எங்கே தொட்டுப் பார்ப்பது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அப்பொழுதுதான் தாயார், மிகுந்த தயக்கத்துடன் ஒரு விடயத்தைச் சொன்னார்.

"ஐயா, சிரிக்காதீங்க. வெள்ளிக்கெழமைல மட்டும் அது நல்லா வேல செய்யுதுங்க. நா கவனிச்சிக்கிட்டேதான் வர்றேன். அம்மனுக்கு வெளக்கு ஏத்துற நாளுல்ல. அவ பாத்துக்கிறா."

"அம்மா, சும்மா இருங்கோவன். ஐயா படிச்சதுகளைச் சொல்லுவார், நீங்கள் பக்தியைச் சொல்லுங்கோ," என்று மகள் தடுத்தார்.

நான் சிரிக்கவில்லை. ஆலயத்துக்குச் செல்பவன்தான் நானும். ஆயினும் மின்சாரக் கருவிக்கும் கிழமைக்கும் தொடர்பு இருக்கும் என்று எண்ண என்னால் இயலவில்லை. ஏதோ தற்செயல் என்று கருதினேன். இருப்பினும் அடுத்த வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே சென்று அமர்ந்தேன். வீடு கழுவப்பட்டுக் குளிர்ந்திருந்தது. சாம்பிராணி மணந்தது. வகுப்பு தொடங்கி முடியும்வரை பலகை ஒரு தடவையேனும் நிற்கவில்லை. ஆசிரியை வரைந்த கோடுகள் ஆற்றொழுக்காக ஓடின. நான் வாசித்த எந்த நூலிலும் வெள்ளிக்கிழமை என்று ஒரு பாடம் இருக்கவில்லை.

அன்று தொடக்கம் ஆசிரியை கடினமான பாடங்களையெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்கி வைத்தார். பிள்ளைகளும் இதை அறிந்துகொண்டார்கள். பலகை நின்றால், "ரீச்சர், இண்டைக்குச் செவ்வாயெல்லே, அம்மனுக்கு லீவு," என்று கத்துவார்கள். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் போதுமா? பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. முக்கோணி, வட்டம் என்று வரைந்து படிக்கும் கேத்திரகணிதம் பாதியில் நின்றது. பெற்றோர் சிலர், மரியாதையாகத்தான், வேறிடம் பார்க்கலாமா என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஒருநாள் வகுப்பு முடிந்த பின்னர் ஆசிரியை பேனையைப் பலகையின் மீது குறுக்காக வைத்துவிட்டு என்னிடம் பேசினார்.

"வாற வெள்ளியோட நிப்பாட்டுவம் எண்டு நினைக்கிறன் ஐயா. அண்டைக்கெண்டாலும் பாடம் ஒழுங்கா நடக்கும். முடிச்சுப்போட்டுப் பிள்ளையளிட்டச் சொல்லிவிடுறன். அரைகுறையாப் படிப்பிச்சு அதுகளின்ர சோதினையைக் கெடுக்கிற உரிமை எனக்கில்லை."

"வேற கொம்பியூட்டர் ஒண்டு பார்ப்பம் ரீச்சர்."

"அதுவும் இந்த வீட்டுக்குத்தானே வரோணும்."

அவர் கூரையைப் பார்த்தவாறு மெல்லச் சொன்னார்: "வகுப்பு நடக்கேக்க மட்டுந்தான் ஐயா, நான் படுத்திருக்கிறன் எண்டது எனக்கு மறந்து போறது."

அந்த வார்த்தையுடன் நான் வீடு திரும்பினேன்.

அவர் குறித்த வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலேயே புறப்பட்டுச் சென்றேன். செய்வதற்கு என்னிடம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. கடைசி வகுப்பின்போது அருகில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டுமே இருந்தது. வெயில் முற்றத்து மண்ணை வறுத்துக்கொண்டிருந்தது. வாழைகள் இலை கிழிந்து தொங்கின. வழமையை விட அதிகமான பிள்ளைகள் அன்று இணைந்திருந்தார்கள். ஆசிரியை முகம் கழுவிப் பொட்டிட்டு, வட்டத்தின் தேற்றங்களைத் தொடங்கினார்.

வட்டம் பாதி வரையப்பட்டிருந்தது. 'டிடும்.'

இம்முறை பிள்ளைகள் ஒருவரும் 'அம்மனுக்கு லீவு' என்று கத்தவில்லை. வெள்ளிக்கிழமையிலும் பலகை நின்றுவிட்டது.

"சரி பிள்ளையள்," என்றார் ஆசிரியை. குரலை ஒருவாறு நிலைநிறுத்திக்கொண்டார். "நான் உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். கொஞ்சம் பொறுங்கோ."

அவர் தண்ணீர் குடிப்பதற்காகக் குவளையை எடுத்தார். சொல்லப் போவதைச் சொல்வதற்கு முன்னர் தொண்டையை நனைத்துக்கொள்ள விரும்பினார் போலும். அந்த வேளையில் தாயார் குசினி வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"எல்லாம் என்னாலதாங்க ஐயா. நா இன்னிக்கி வீடு கழுவல."

"ஏனம்மா?"

"கெணத்துல தண்ணியே இல்லீங்களே. அடியில சேறுதான் கெடக்கு. வெறுமனே கூட்டி விட்டுட்டேன். அம்மனுக்குக் கோவம் வந்துடுச்சி."

பல வாரங்களாக நான் தேடியலைந்த வினாவுக்குரிய விடையின் ஒரு முனை, அழுதுகொண்டிருந்த அந்த அம்மாவின் வாயிலிருந்து என் கையில் வந்து விழுந்தது. மாறியது கிழமை அன்று. அதே வெள்ளிக்கிழமைதான். விளக்கும் ஏற்றப்பட்டிருந்தது. மாறியது தண்ணீர் ஒன்றே.

"அம்மா, வீடு கழுவுற தண்ணி எங்கால போறது?"

"சாமி ரூம்பத்தான் மொதல்ல கழுவுவேன். அது அந்தச் செவத்து ஓட்டையால பின்னால போயிரும்."

நான் பின்புறத்துக்கு விரைந்தேன். சுவரின் அடியில், தண்ணீர் வெளியேறுவதற்கு ஒரு துளை இருந்தது. அதன் நேர் கீழே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்புகளின் நடுவே, சுவர் வழியாக இறங்கி வந்த செப்புக் கம்பியொன்று, நிலத்தில் அறையப்பட்ட ஓர் இரும்புக் கோலுடன் பிணைக்கப்பட்டிருந்தது. வீட்டின் 'எர்த்' அது. வீட்டுக்குள் எங்கேனும் மின்சாரம் கசிந்தால், எவரையும் தீண்டாது அதை மண்ணுக்குள் இறக்கிவிடும் வழி. கோல் அரைவாசி துருவேறியிருந்தது. சுற்றியிருந்த மண் அதைவிட்டு விலகி நின்றது. என் வயலில் நீரிறைக்கும் மோட்டாருக்கு எர்த் போட வந்தவர், கோடையில் அந்த இடத்துக்கு இடைக்கிடை தண்ணீர் ஊற்றிவிடும்படி சொல்லியிருந்தது என் நினைவுக்கு வந்தது. காய்ந்த மண் மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளாது.

வாழைக்கு ஊற்றுவதற்கென்று பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் தாயார் சேர்த்து வைத்திருந்தார். அதைத் தூக்கிக் கோலின் அடியில் கவிழ்த்தேன். மண் ஓசையெழுப்பியபடி அதைக் குடித்தது. வெடிப்புகளிலிருந்து குமிழிகள் வந்தன.

உள்ளேயிருந்து கணினியின் ஒலி கேட்டது. இம்முறை மேலே ஏறுகின்ற ஒலி. அதைத் தொடர்ந்து ஆசிரியையின் குரல்.

"ஐயா! வந்திட்டுது! ஐயா, என்ன செய்தனீங்கள்?"

"நிலத்துக்குத் தண்ணி குடுத்தனான்," என்று நான் பின்புறத்திலிருந்தே கூவினேன்.

வட்டம் முழுமை பெற்றது. பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். "ரீச்சர், என்னவோ சொல்லோணும் எண்டனீங்கள்?" என்று ஒரு பிள்ளை நினைவூட்டியது. ஆசிரியை ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"ஓம். வட்டத்தின்ர மையத்தில அமையிற கோணத்தைப் பற்றிச் சொல்லோணும். எழுதுங்கோ," என்றார்.

நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தேன். இதுவரையில் நான் கண்ட வியப்பே போதுமென்று எண்ணியிருந்தேன். உண்மையான வியப்பு அதற்குப் பின்னரே வந்தது.

தாயார் என் அருகில் நிலத்தில் அமர்ந்து, நடந்தது என்னவென்று தாழ்ந்த குரலில் கேட்டார். காய்ந்த மண்ணைப் பற்றியும் செப்புக் கம்பியைப் பற்றியும் என்னால் இயன்றவரை எளிமையாகச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டுத் தமது வலக்கையை விரித்துப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கையும் தண்ணியிலதான் சொகமாகுதுங்களா ஐயா?"

"எந்தக் கை?"

"இவள பெரட்டிப் படுக்க வைக்கயில கட்டிலப் புடிப்பேன்ல, அப்ப இந்தக் கை விறுவிறுன்னு வரும். வாதம்னு நெனச்சி எண்ண தேச்சிக்கிட்டு இருக்கேன். வெள்ளிக்கெழமைல மட்டும் இருக்காது. அதுவும் அம்மன் செயல்னுதான் இருந்தேன்."

நான் அவருடைய வெறுங்கால்களைப் பார்த்தேன்.

என் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். மின்சாரம் உள்ள இடத்தைத் தொட்டால் அதன் பிடிக்குள் சிறு விளக்கு எரியும். அதை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பின்புறத்து மண் அதற்குள் தண்ணீரைக் குடித்து முடித்து மீண்டும் வெளுக்கத் தொடங்கியிருந்ததை யன்னலூடாகக் கண்டேன். குசினியில் இருந்த பழைய குளிர்சாதனப் பெட்டி ஓர் உறுமலுடன் இயங்கத் தொடங்கியது. நான் டெஸ்டரைக் கணினிப் பெட்டியின் தகரத்தில் வைத்தேன். விளக்கு மங்கலாக எரிந்தது. கட்டிலின் தலைமாட்டில் ஒட்டி நின்ற மின்விசிறியின் இரும்புத் தண்டில் வைத்தேன். எரிந்தது. அதன் பின்னர், நான் செய்ய விரும்பாததைச் செய்தேன். ஆசிரியை படுத்திருந்த கட்டிலின் சட்டத்தில் வைத்தேன்.

எரிந்தது.

அவர் தேற்றத்தை விளக்கிக்கொண்டிருந்தார். கட்டிலின் கால்களில் இறப்பர்ச் சில்லுகள் இருந்தன. அவருக்குக் கீழே தடித்த பஞ்சு மெத்தை இருந்தது. அவருடைய உடலில் எங்கும் நிலம் படவில்லை. ஆகவே மின்சாரம் அவரைச் சூழ்ந்து நின்றதேயன்றி, அவரூடாகச் செல்வதற்கு வழியின்றி இருந்தது. இடுப்புக்குக் கீழே ஏதேனும் பட்டிருந்தாலும் அதை அறியும் உணர்வு அவருக்கு இல்லை. வெறுங்காலுடன் வந்து கட்டிலைப் பற்றிய தாயாருடைய கைக்கு மட்டுமே அது தெரிந்திருந்தது. அந்தக் கைக்கு அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், ஒருவரும் ஒண்டையும் தொடாதேங்கோ. அம்மா, நீங்கள் இருந்த இடத்தில இருங்கோ," என்று சொல்லிவிட்டு ஓடிச்சென்று பிரதான சுவிட்சை அணைத்தேன். திரை இருண்டது. பிள்ளைகளின் குரல்கள் பாதியில் அறுந்தன.

கிளிநொச்சியிலிருந்து அனுமதி பெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரை அன்றே வரவழைத்தோம். அவர் ஒவ்வொன்றாகச் சோதித்து நடந்ததைத் தெளிவுபடுத்தினார். குளிர்சாதனப் பெட்டியின் பழைய மோட்டாரில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. அது மண்ணுக்குள் இறங்க வேண்டும். மண் காய்ந்து வழி அடைபட்டதால், வீட்டிலுள்ள எல்லா எர்த் கம்பிகளும் ஒன்றாக இணைந்திருந்த காரணத்தினால், அது கணினிக்கும் மின்விசிறிக்கும், மின்விசிறி ஒட்டி நின்ற கட்டிலுக்கும் பரவிற்று. ஆபத்து வேளையில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சும் பழுதாகியிருந்ததால், வெள்ளிக்கிழமை ஈரத்திலும்கூட எதையும் உணராமல் இருந்துவிட்டது. மோட்டார் இயங்கத் தொடங்கும் ஒவ்வொரு வேளையிலும் ஏற்பட்ட அதிர்வை, அந்த வீட்டில் உள்ள பொருட்களில் மிகவும் மென்மையானவையான பலகையும் மவுசும் மட்டுமே தாங்க மாட்டாமல் நின்றுபோயின.

"அம்மா வெள்ளிக்கிழமையில ஈரத்தில நிண்டு இந்தக் கட்டிலைத் தொட்டவவோ?" என்று அவர் கேட்டார்.

"கட்டிலத் தள்ளித் தள்ளித்தாங்க கழுவுவேன்," என்றார் தாயார்.

மின்னிணைப்பாளர் கட்டிலின் சட்டத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "எந்த அறையை முதல்ல கழுவுவீங்கள்?" என்று கேட்டார்.

"சாமி ரூம்புதான் எப்பவும் மொதல்ல. அதுக்குப் பொறவுதான் மத்ததெல்லாம். எங்கம்மா காலத்துலேருந்து அப்பிடித்தான்."

சாமி அறையின் தண்ணீர் முதலில் சென்று எர்த் கோலின் அடியை நனைத்தது. மண் கண் திறந்தது. கசிந்த மின்சாரம் அதனுள் இறங்கிப் போயிற்று. அதன் பின்னரே அவர் வெறுங்காலுடன், ஈரத் தரையில், மகளின் கட்டிலண்டை வந்தார். ஒரு தடவையேனும் மகளின் அறையை முதலில் கழுவியிருந்தால், மின்சாரம் நின்ற கட்டிலை ஈரத்தில் நின்றபடி தள்ளியிருப்பார். சாமி அறையை அவர் பிந்திக் கழுவிய வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை.

குளிர்சாதனப் பெட்டி அந்த வீட்டிலிருந்து அகற்றப்பட்டது; ட்ரிப் சுவிட்சும் மாற்றப்பட்டது. நிழல் விழுந்து ஈரம் தங்கும் இடமொன்றில் நீளமான புதிய கோல் ஆழமாக இறக்கப்பட்டது. கட்டிலை விட்டு மின்விசிறி விலக்கி வைக்கப்பட்டது. அடுத்து வந்த திங்கட்கிழமை வகுப்பு நடந்தது. செவ்வாயும் நடந்தது. பலகை நிற்கவில்லை. தாயாரின் கையிலிருந்த 'வாதமும்' எண்ணெய் இல்லாமலே போய்விட்டது. தாம் நினைத்தது பிழையென்று அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "அம்மன் தண்ணி ரூபத்துல வந்தான்னு சொல்லுங்களேன் ஐயா, என்ன கொறஞ்சி போயிரும்?" என்று என்னிடமே கேட்டார்.

பரீட்சை முடிந்த பின்னர் ஒருநாள் ஆசிரியையைக் காணச் சென்றேன். அடுத்த ஆண்டுப் பிள்ளைகளின் வகுப்பு அப்போதே தொடங்கியிருந்தது. பாடத்தை முடித்துவிட்டு அவர் என்னிடம் திரும்பினார்.

"ஐயா, ஒரு கேள்வி. அந்தப் பலகை கொஞ்சம் திறமானதா இருந்து, ஒருக்காலும் நிக்காமல் எழுதியிருந்தா, நீங்கள் இந்த வீட்டுக்கு வந்திருப்பீங்களே?"

யன்னலுக்கு வெளியே தாயார் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருப்பதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடிக்கடி நின்றுபோகின்ற கருவிகளைப் பற்றி எவரேனும் இன்று என்னிடம் முறையிட்டால் எனக்கு முன்போலச் சலிப்பு ஏற்படுவதில்லை. எல்லாப் பொருட்களும் ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளைக் கடந்து செல்கின்ற வேளைகளில்தான், அங்கே எவர் தம் கையின் விறுவிறுப்பை வாதமென்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கின்றாரோ என்று என் நடை தானாகவே தளர்கின்றது.